பன்னிரண்டு வருடக் குறட்டை

காப்பீட்டு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி நிர்வாகத்தில் கேட்டார்கள். எந்தத் தாளோடு எந்தத் தாளைச் சேர்த்து அனுப்புவது என்பதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. வயிற்றெரிச்சல். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் ஆஸ்பத்திரி அப்போது இவ்வளவு பெரிதில்லை. டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தால் எதிரில் தெரியும் மூன்று மாடிக் கட்டடம், அவ்வளவுதான். பில் கவுண்ட்டரில் பதினைந்து வருடம் இருந்த என்னை, 'கேஷ்லெஸ்' என்ற ஏற்பாடு வந்த புதிதில் காப்பீட்டுக்கு மாற்றினார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பாலிசி வைத்திருக்கும் நோயாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம். நாம் முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவில் டி.பி.ஏ. என்று ஓர் அலுவலகம். அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் நம் படிவத்தைப் பார்த்துச் சரி என்றோ முடியாது என்றோ ஃபேக்ஸில் பதில் அனுப்புவார்.

இரண்டு வருடம் அந்த மேசைக்கு நான் ஒருவன்தான் ராஜா. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நோயாளி பேசப் பேச எழுதிக்கொண்டே போவேன். அவர் வாயை மூடும்போது படிவம் முடிந்திருக்கும். அந்த வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் அசந்துபோவது எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் அவள் வந்தாள்.

அவள் பெயரை எழுத மாட்டேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். என் கையால் எழுதப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். ஒரு டி.பி.ஏ. அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு நம்மிடம் வந்தாள். டி.பி.ஏ. டாக்டர்களிடம் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். போனை வைத்துவிட்டு அடுத்த நொடியே, "இன்னா பெர்சு, துன்னியா?" என்று வார்டு கிழவரிடம் பேசுவாள். நான் முதல் பாஷைக்கும் ஆசைப்பட்டவன், இரண்டாவது பாஷையை ஆபீசில் பேசக் கூச்சப்பட்டவன். அவள் இரண்டையும் ஒரே நாக்கில் வைத்திருந்தாள்.

அவள் வந்த ஆறாவது மாதமே டாக்டர்கள் என் மேசையைத் தாண்டிப் போய், "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் அவள் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்று டீ குடிப்பார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் பத்து வருடத்தில் என்னிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை. அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. என் நாற்காலியில் பிளாஸ்டிக் ஒயர் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சர்ரென்று ஃபேக்ஸ் மெஷின் வரை போய்வருவாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சக்கரம் என் மேல் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் என்னைவிட மெதுவாக வேலை செய்வாள். யாராவது வந்தால் படிவத்தை எடுக்கவே மாட்டாள். வெறும் தாளோடு எழுந்து போய், காத்திருக்கும் பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவாள். அப்புறம் டாக்டரிடம் போவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் படிவம். நான் மூன்று முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்று முடிப்பாள். ஆனால் என்னுடைய மூன்றில் ஒன்று திரும்பி வரும், அவளுடையது திரும்பாது. அதிர்ஷ்டம், பழைய பழக்கத்தில் டி.பி.ஏ.க்காரர்கள் சலுகை காட்டுகிறார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கான்டீனில் மற்றவர்களுக்கும் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள், எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஏழுமலை வந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் ஒரு நாள் லீவு.

ஏழுமலைக்கு நாற்பது வயதுக்குள். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், பெட்டியைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியின் ஆபரேட்டர். கழுத்து தடித்து, கண்ணுக்குக் கீழே கருத்து, உட்கார்ந்த இடத்திலேயே இமை சொருகியது. கூட வந்த மனைவி கஸ்தூரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். கணவனின் தலை சாயும்போதெல்லாம் முழங்கையால் இடித்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்னால் பட்டப்பகலில், தூக்கிய பெட்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டே ஏழுமலை தூங்கிவிட்டார். வண்டி தானாக நகர்ந்து பெட்டி பக்கத்து அடுக்கில் இடித்தது. கீழே நின்றவர் ஓடித் தப்பினார். யாருக்கும் அடி இல்லை. குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தால் இல்லை. யார்டு டாக்டர் அனுப்பி, நகரத்தில் ஒரு இடத்தில் தூக்கத்தைப் பரிசோதித்துப் பார்த்ததில், தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. ஸ்லீப் ஆப்னியா. டான்சில் இரண்டும் வீங்கி வழியை அடைத்திருந்தன, அண்ணமும் தொங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் நல்ல பலன் இருக்கும் என்று நம் டாக்டர் சொன்னார். யார்டில் ஏழுமலையை வண்டியிலிருந்து இறக்கி, வாசல் கேட்டில் பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் போட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆபரேட்டர் வந்துவிடுவார், கேட்டிலும் இடம் கிடையாது. கைக்காசு போட்டுச் செய்ய அவர்களுக்கு வழியில்லை. மூன்று வருடமாக விடாமல் கட்டிய பாலிசி ஒன்று மட்டும் இருந்தது.

"நாப்பது அடி ஒசரத்துல பொட்டிய வெச்சா கோட்டுல நிக்கும் சார் எனக்கு. என்ன போய் கேட்டாண்ட ஒக்கார வெச்சிட்டானுங்கோ" என்றார் ஏழுமலை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இது லேசான கேஸ் இல்லை. தொண்டை ஆபரேஷன், அதுவும் குறட்டை சம்பந்தப்பட்டது என்றால் டி.பி.ஏ.க்காரர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். அவள் வருவதற்குள் இதை வாங்கிக் காட்டிவிட வேண்டும். படிவத்தை எடுத்தேன்.

நோயின் அறிகுறி என்ன என்று ஒரு கட்டம். கஸ்தூரி, "கொறட்ட சார்" என்றார். குறட்டை என்று எழுதினேன். எப்போதிலிருந்து என்று அடுத்த கட்டம்.

"எத்தனை நாளாம்மா?"

"நாளா? கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து சார். மொத வாரமே பக்கத்து வூட்டுக்காரங்க செவுத்த தட்டுனாங்க. எங்க மாமியாரு சிரிச்சிகினே பஞ்சு குடுத்துச்சி, காதுல வெச்சிக்கோன்னு."

"கல்யாணம் ஆகி எவ்வளவு வருஷம்?"

"பன்னெண்டு."

பன்னிரண்டு வருடம் என்று அழகாக எழுதினேன். டாக்டர் அவசரத்தில் இருந்தார், என் கையெழுத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் ஃபேக்ஸ் போய்விட்டது.

நீங்கள் இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மூன்று வருடத்துப் பாலிசிக்குப் பன்னிரண்டு வருடத்து நோயை எழுதி அனுப்பியிருக்கிறேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. ஒன்று, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய், அதனால் கிடையாது. இரண்டு, குறட்டையைக் குறைக்கும் சிகிச்சை நோய்க்கான சிகிச்சை ஆகாது.

ஃபேக்ஸ் மெஷினிலிருந்து அந்தத் தாளை நான்தான் எடுத்தேன். அவள் அப்போதுதான் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள். "ஏதாச்சும் வந்துச்சா சார்?" என்றாள். "ஒண்ணும் இல்லை" என்று மடித்து மேசை டிராயரில் வைத்தேன்.

நான்கு நாள் அது அங்கேயே இருந்தது. அவள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து டி.பி.ஏ.வுக்குப் போன் செய்து சண்டை போட்டேன். மூச்சு நிற்பது நோய் இல்லையா, உங்கள் வீட்டில் வந்தால் தெரியும் என்றெல்லாம் கத்தினேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, "சார், பன்னிரண்டு வருஷம்னு உங்க ஆஸ்பத்திரிதானே எழுதியிருக்கு?" என்றார். கடைசியில், "மேடம் இல்லையா அங்கே?" என்றும் கேட்டார். போனை வைத்த விதத்தில் அது இன்னும் உடையாமல் இருந்ததே ஆச்சரியம். அவள் பக்கத்து மேசையில்தான் இருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தை தொண்டைக்கு மேலே வரவில்லை. ஏழுமலைக்கு அடைத்தது சதை, எனக்கு அடைத்தது வேறு.

ஐந்தாம் நாள் கணவனும் மனைவியுமாக வந்து நின்றார்கள். இனி மறைக்க முடியாது. மறுத்துவிட்டார்கள் என்றேன். ஏழுமலை, "ஏன் சார்?" என்றார். அப்போது நான் சொன்னதுதான் இத்தனை வருட வேலையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம்.

"உங்க மிஸஸ் சொன்னதைத்தான் எழுதினேன். கல்யாணத்திலேர்ந்து இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க. அதான் பழைய நோய்னு தள்ளிட்டான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். ஏழுமலை மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "வாய வெச்சிகினு சும்மா கீறியா நீ? ஊரு கேட்டுச்சா பஞ்சு கத? என் வேலைக்கே ஒல வெச்சிட்டியே" என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் முன்னால் நடக்க, கஸ்தூரி நான்கடி பின்னால் போனார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அதையும் எழுதத்தான் வேண்டும், நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் கஸ்தூரி தனியாக வந்தார். நான் நாற்காலியில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டிப் பார்த்து, "மேடம் கீறாங்களா?" என்றார். வார்டில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் உள்ளே வந்ததும் கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நான் சொன்னத மாத்திச் சொல்ட்டா ஒத்துக்குவாங்களா? கண்ணாலத்துலேர்ந்து இல்ல, நேத்துலேர்ந்துன்னு சொல்றேன். எங்க வேணா கையெழுத்து போடறேன். அந்த ஆளு என்னாண்ட பேசறதே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் டிராயரைப் பார்த்தேன்.

"ஃபைலக் குடுங்க சார்."

"இது என் கேஸ்மா. நான் பார்த்துக்கறேன்."

"உங்க கேஸ் இல்ல சார், அது அவரு தொண்ட" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.

ஃபேக்ஸ் தாளின் தேதியைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அவள் வெறும் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் கஸ்தூரியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்துணவில் இன்று என்ன, முட்டை உண்டா என்று கதை ஆரம்பித்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பேச்சுவாக்கில் அவள் கேட்டாள்:

"அக்கா, கொறட்ட இருக்கட்டும். அவரு தூங்கறப்போ நீ பயந்துகினு எழுப்ப ஆரம்பிச்சது எப்போலேர்ந்து?"

கஸ்தூரி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போன மழைக்கு மேடம். தண்ணி உள்ள வந்து எல்லாரும் ஒரே கட்டில்ல படுத்துகினு இருந்தோம். சத்தம் திடீர்னு நின்னுச்சி. பன்னெண்டு வருசமா நிக்காத சத்தம். மூக்காண்ட கைய வெச்சா காத்தே இல்ல. ஒதறி எழுப்பினேன். அதுக்கு முன்னால அந்த மாதிரி இல்ல. அப்பால தெனம் எழுப்பறேன். நான் தூங்கியே ஒரு வருசம் ஆவுது."

பில்லும் படிவமுமாகக் கிட்டத்தட்ட இருபது வருடம் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. அன்றைக்கு அவள்மேல் வந்த பொறாமைக்கு அளவே இல்லை. நாற்காலி, டீ, இங்கிலீஷ் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். இந்தக் கேள்வியை மன்னிக்க முடியவில்லை. சத்தத்துக்குத்தான் வயது பன்னிரண்டு, நோய்க்கு ஒன்றுதான். சத்தத்தின் வயதை நோயின் கட்டத்தில் எழுதியவன் நான். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உடனே தோன்றியது குறுக்கு வழி. "பழைய படிவம் தப்பா போயிடுச்சுன்னு சொல்லி, ஒரு வருஷம்னு புதுசா ஒண்ணு எழுதி டாக்டர் கிட்ட கையெழுத்து வாங்கிடுவோமே" என்றேன்.

"அங்க மொதோ தாளு பத்திரமா கீது சார். ரெண்டாவது தாளப் பாத்தா பொய்ன்னு முடிவு கட்டிடுவான். நெஜமா நடந்தத சொன்னாத்தான் வேலைக்கு ஆவும்" என்றாள்.

அவளுடைய திட்டத்தில் மூன்று தாள். முதலாவது டாக்டரின் கடிதம்: குறட்டை வேறு, மூச்சு நின்று இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும் இந்த நோய் வேறு, இது சொகுசுக்குச் செய்யும் ஆபரேஷன் இல்லை என்று பரிசோதனை முடிவோடு. இரண்டாவது, யார்டில் ஆபரேட்டர்களுக்கு வருடா வருடம் செய்யும் மருத்துவச் சோதனைத் தாள்கள். பாலிசி எடுத்த பிறகு நடந்த இரண்டு வருடச் சோதனையிலும் டான்சில் வீக்கம் இல்லை, பகல் தூக்கம் இல்லை என்று யார்டு டாக்டர் எழுதியிருந்தார். அதை வாங்க அவளே ஷேர் ஆட்டோ பிடித்து மணலி வரை போய்வந்தாள். தலையெல்லாம் புழுதியோடு திரும்பினாள்.

மூன்றாவது தாள் நான் எழுத வேண்டியது. முதல் படிவத்தில் பன்னிரண்டு வருடம் என்று வந்தது எப்படி என்று.

அதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. காப்பீட்டுப் பிரிவுக்குத் தனி அதிகாரி ஒருவரைப் போடப்போகிறார்கள் என்று அப்போது ஆஸ்பத்திரியில் பேச்சு அடிபட்டது. ஒன்று நான், இல்லாவிட்டால் அவள். அந்தக் கடிதத்தின் நகல் மேலாளருக்குப் போகும். கையெழுத்துப் போட்டால் அந்த நாற்காலியை நானே தூக்கி அவளிடம் கொடுத்த மாதிரி. ராயபுரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. ஏழுமலைக்காக அல்ல, ஏமாற வேண்டாம். அவள் ஜெயித்துவிடுவாளே என்றுதான். வேண்டுமென்றே இப்படி ஒரு திட்டம் போட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

முதலில் ஒரு கடிதம் எழுதிக் காட்டினேன். 'விவரம் சேகரித்தபோது ஏற்பட்ட குழப்பத்தால் பிழை நேர்ந்துவிட்டது' என்று. படித்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"யாரு எழுதினாங்கன்னு இதுல இல்லியே சார். இதப் பாத்தா அந்தம்மா மேல தான் வுழும்."

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் மேலே உட்கார்ந்து தூக்கி வைத்திருப்பார் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. உட்கார்ந்து எழுதினேன். நோயாளியின் மனைவி குறட்டைச் சத்தம் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதைச் சொன்னார். நோய் எப்போது ஆரம்பித்தது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல், மருத்துவரிடமும் சரிபார்க்காமல், அந்த எண்ணை நோயின் கட்டத்தில் எழுதியது நான். பெயர், பதவி, கையெழுத்து.

மூன்று தாளும் போன மறுநாள் டி.பி.ஏ. டாக்டரே பேசினார். எடுத்த எடுப்பில், "மேடம் இருக்காங்களா?" என்றார். அவள் எதிரில்தான் இருந்தாள். ரிசீவரை நீட்டிவிடலாம், என்னைவிட நன்றாகச் சமாளிப்பாள். "அந்தத் தப்பு நான் பண்ணினது சார், என்னையே கேளுங்க" என்றேன்.

"மறுத்த பிறகு இப்படி ஒரு கடிதம் வந்தா நாங்க எப்படி நம்பறது? யாராவது உங்களை எழுதச் சொன்னாங்களா?"

கத்தத் தோன்றியது. கத்தவில்லை. "என்னை நம்ப வேண்டாம் சார். யார்டு சோதனைத் தாள் இந்த ஆபரேஷன் பேச்சு வருவதற்கு முன்னாலேயே எழுதினது. அந்த டாக்டர் நம்பர் அதிலேயே இருக்கு, நீங்களே பேசிப் பாருங்க. என் கடிதம் என் வேலைக்குத்தான் கெடுதல், எனக்கு அதில் லாபம் ஒண்ணும் இல்லை" என்றேன். சரி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பாராட்டுகிறாளாம். எரிந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் மாதம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. மறுபடி தூக்கத்தைப் பரிசோதித்துப் பார்த்து, மூச்சு சீராக வருகிறது என்று தெரிந்த பிறகு யார்டு டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். மூன்றாவது மாதம் ஏழுமலை வண்டியில் ஏறினார். குறட்டை கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று கேள்வி. அதிகாரி பதவி அவளுக்குத்தான் போனது. ஓய்வுபெறும் வரை ஏழு வருடம் அவள் கையெழுத்துக்குக் கீழேதான் நான் வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட அது எனக்கு இனித்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது அனுமதி வந்த அன்று நடந்ததை. ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் சாப்பிடப் போயிருந்தாள். ஃபேக்ஸ் மெஷின் மேல் தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், அனுமதி. ஏழுமலையின் செல்போனுக்கு அடித்தேன். கஸ்தூரிதான் எடுத்தார். சொன்னேன்.

"மேடமாண்ட சொல்ட்டியா சார்? பாவம், அவங்களும் காத்துகினு இருந்தாங்க" என்றார்.

சுருக்கென்றது. அப்படியே வைத்துவிட்டிருக்கலாம். எதற்கோ வைக்கவில்லை.

"இன்னொரு விஷயம்மா. அன்னைக்கு நீங்க சொன்னதுல தப்பே இல்ல. நான் எழுதினதுதான் தப்பு. அவங்களுக்கும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"இத என்னாண்ட சொல்லி இன்னா சார் பண்றது? ரெண்டு வாரமா என் கையால சோறு வாங்கறது இல்ல அந்த ஆளு. தானே போட்டுத் துன்னுகினு கீறாரு. இப்பவும் அங்கதான் ஒக்காந்துகினு கீறாரு. இந்தா, அவராண்டயே சொல்லு."

போன் கைமாறியது. "சொல்லு சார்" என்றார் ஏழுமலை. சொன்னேன். உங்கள் மனைவி மேல் ஒரு பிசகும் இல்லை, அன்றைக்கு அவர்மேல் பழியைப் போட்டதும் நான்தான் என்று முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். போனை அணைக்காமலே பக்கத்தில் எங்கோ வைத்துவிட்டார் போலிருக்கிறது. தட்டு நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல், தூரத்தில்:

"ஏய் கஸ்தூரி. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

நான் ரிசீவரை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"போன் பண்ணிட்டீங்களா சார்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைலயே வந்துடுச்சி சார் அந்த ஃபேக்ஸு. நீங்களே பாத்து, நீங்களே அவங்களாண்ட சொன்னா நல்லாருக்கும்னு மெஷின் மேலயே வெச்சிட்டுப் போனேன்."

அந்த நிமிடம் எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். நீங்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதுவும் இவளுக்குத்தான் தோன்ற வேண்டுமா?